பெறுநரின் முழுப்பெயர்

அத்தியாயம் 17

“இங்க ஒருத்தர் இரிக்கார், ஸுமி. மிச்சம் நல்லவர்.”

“நல்லவரெண்டா ஏன் உங்கள வீட்டுக்கு விடுறார் இல்ல?”

“அத இப்ப கேக்காதீங்க.”

“சரி, கேக்கல்ல. உடம்பு எப்படி? சாப்பிடுறீங்களா?”

“சாப்பாடு தாறார். போன மாசம் காலுக்குச் சப்பாத்தும் வாங்கித் தந்தார். இந்த கோல் எடுக்க விட்டதும் அவர்தான்.”

“ஸிபான், உங்களுக்கு என்கிட்ட என்னமாவது கேக்க இரிக்கா? எதெண்டாலும் கேளுங்க.”

மறுமுனையில் அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் ஸுமைராவின் காதில் விழுந்தது.

“இரிக்கி. இன்னொரு நாளைக்கு கேக்கிறேன்.”

அந்த ஐந்து நிமிட அழைப்பு வந்து இன்றோடு பத்து மாதம். அந்த இன்னொரு நாள் இன்னும் வரவில்லை. கேட்க வேண்டியவன் ஐந்து மாதமாகக் கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் அவள் கண்முன்தான் இருக்கிறான். ஒரே மேசையில் சாப்பிடுகிறான், ஒரே கூரையின் கீழ் தூங்குகிறான். ஆனால் கேட்கவில்லை.

நிகாஹ் முடிந்த நாலாம் மாதம், தாய்லாந்தில் கணினி வேலை என்று ஓர் ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போனவன் ஸிபான். விமான நிலையத்திலிருந்து வேனில் ஏற்றினார்கள். இருட்டும் நேரத்தில் ஓர் எல்லை ஆற்றைப் படகில் கடக்க வைத்தார்கள். அக்கரையில் உயர்ந்த மதில், முள்கம்பி, நூற்றுக்கணக்கான கணினிகள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஸிபான் அங்கே ‘லியோ’ ஆனான். அவன் பிரிவுக்குத் தலைவன் ‘கெவின்’. முகம் தெரியாத மனிதர்களுக்கு அன்பாகச் செய்தி அனுப்பி அவர்களை ஏமாற்றுவதுதான் வேலை. மறுத்தால் அடி. பதினாலு மாதம் கழித்து அந்நாட்டு இராணுவம் மதிலை உடைத்த பிறகுதான் ஊர் வந்து சேர்ந்தான்.

தெருவே திரண்டு வந்து பார்த்தது. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். ஸுமைராவும் சொன்னாள். ஆனால் வந்தவன், “தண்ணி குடிக்கட்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தான். “குளிக்கட்டா?” என்று கேட்டான். வீட்டு வாசலைத் தாண்டவும் அனுமதி கேட்டான்.

“என்ட புள்ளக்கி எவ்வளவு மரியாத வந்திரிக்கி பாத்தீங்களா!” என்று அவனுடைய தாய் உம்மு குல்சும் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பெருமையடித்தாள். போன வாரம் வரை ஸுமைராவும் அதை மரியாதை என்றுதான் நினைத்தாள்.

இந்தச் சனிக்கிழமை அந்த எண்ணம் உடைந்தது. சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்த போன் ஒளிர்ந்தது. ‘சாப்பிட்டாச்சா, லியோ?’ என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. அவள் விரல் மேலே மேலே தள்ளத் தள்ள, வந்ததெல்லாம் அவள் சமைத்த சாப்பாடுகளின் படங்கள். பருப்பும் கீரையும், மீன் ஆணமும், ஒருநாள் கருகிப்போன கத்தரிக்காய்க் கறியும்கூட. ஐந்து மாதத்துப் பகல் சாப்பாடு ஒன்று விடாமல் கெவினுக்குப் போயிருந்தது. அங்கே சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை; இங்கே அது பதினொன்றரை. ஸிபானுக்குச் சீக்கிரம் பசிக்கிறது என்று வீட்டுச் சாப்பாட்டு நேரத்தையே முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தாள் அவள்!

கடைசிச் செய்திதான் அவளை அலுமாரியில் சாய வைத்தது. ‘புதிய இடம் தயார். வியாழன் இரவு விமானம். இரண்டு டிக்கட்டும் அனுப்பிவிட்டேன். நீ போன பிறகு உன் கதிரையில் யாரையும் உட்கார விடவில்லை.’

மூன்று நாளாக அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை.

*

குசினியில் ஏலக்காய் மணத்தது. உம்மு குல்சும் நேற்று ஆறு மணிநேரம் கிண்டி இறக்கிய தேங்காய்ப்பால் இனிப்பான தொதலைத் துண்டு துண்டாக வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றி, பிஸ்கட் தகரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முந்திரிப் பருப்பு அதிகமாகத் தெரிந்த துண்டுகளாகப் பார்த்து மேலே வைத்தாள்.

“பெருநாள் முடிஞ்சி எவ்வளவு நாளாச்சி, இது யாருக்கு மாமி?”

“அந்த கெவினுக்கு.”

ஸுமைரா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

“எந்த கெவினுக்கு?”

“எத்தன கெவின் இரிக்கார் நமக்கு? என்ட புள்ளக்கித் தண்ணி குடுத்த மனுசன். அஞ்சு நேரத் தொழுகையிலயும் அவருக்கு துஆ கேக்கிறேன். வெறும் துஆ மட்டும் போதுமா மகள்? நாக்குக்கு ருசியா ஒண்டு அனுப்ப வேணாமா?”

“மாமி, அந்த ஆள்தான் இவர அடைச்சு வெச்சிரிந்தது.”

“அடைச்சது கொம்பனி. அவர் அதுல வேல செய்றவர்தானே. மாசா மாசம் எனக்குக் கோல் எடுத்து, ‘மதர், யுவர் சன் ஓகே’ எண்டு சொன்னது யாரு? நீங்களா சொன்னீங்க?”

“பொலிஸுக்குப் போக வேணாம் எண்டு சொன்னதும் அதே கோல்லதான்.”

மாமியின் கத்தி நின்றது. அவளுக்குக் கோபம் வரும் என்று ஸுமைரா நினைத்தாள். வரவில்லை.

“மாசத்துல முதல் வெள்ளி, அஸருக்குப் பொறகு வரும் அந்தக் கோல்,” என்றாள் மாமி மெதுவாக. “காலையிலயே நல்ல சாரி உடுத்தி மடியில போன வெச்சிக்கொண்டு இரிப்பேன். ஒருக்கா ரெண்டு நாள் பிந்திச்சி. நான் என்ன பிழ செஞ்சேன் எண்டு ரெண்டு நாளும் யோசிச்சேன் மகள். மூணாம் நாள் அவர்ர குரல் கேட்டதும்... என்ட உம்மா வாப்பா பேசினாலும் அவ்வளவு சந்தோசம் வந்திரிக்காது.”

முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வெட்டத் தொடங்கினாள். ஸுமைரா அவளையே பார்த்தபடி நின்றாள். திகனயை விட்டு ஒருநாளும் நகராத இந்த மனுஷியையும் அந்த மதிலுக்குள் யாரோ இழுத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் மாமி மேல் இருந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. ஸிபான் நன்றாக அழுத்திய சட்டையுடன் நின்றிருந்தான்.

“உம்மா, டவுனுக்குப் போய்ட்டு வரட்டா?”

“என்னத்துக்கு மகன்?”

“ஒரு பேப்பர் எடுக்க இரிக்கி.”

அது என்ன பேப்பர் என்று ஸுமைராவுக்குத் தெரியும். புதிய பாஸ்போர்ட் தயாராகிவிட்டது என்ற துண்டு அவனுடைய பர்ஸில் இருந்தது.

“நானும் வாறேன்,” என்றாள். “மொண்டிசோரிக்கு லீவு சொல்லிட்டேன்.”

அவன் முகத்தில் ஒரு தயக்கம் வந்து போனது. “வாறதெண்டா... வாங்க.”

“நல்லதாப் போச்சி!” என்று மாமி தகரத்தை மூடி, அதன்மேல் ஒரு கடதாசிப் பையைப் போட்டுக் கட்டினாள். “ரெண்டு பேரும் தபால் கந்தோருக்குப் போய் இத அனுப்பிட்டு வாங்க. அட்ரஸ் உனக்குத் தெரியுந்தானே மகன்?”

ஸிபான் தலையாட்டினான். ஆம் என்றா, இல்லை என்றா, அது யாருக்கும் புரியவில்லை.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் அவன், பக்கத்தில் அவள், அவள் மடியில் தொதல். கெவினுக்கு அனுப்பும் தொதலைத் தானே சுமந்துகொண்டு போவதை நினைத்தபோது ஸுமைராவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘போக வேணாம்’ என்றால் அவன் போகமாட்டான். அது அவளுக்கு நிச்சயம். அந்த நிச்சயம்தான் அவளைப் பயமுறுத்தியது. தண்ணீர் குடிக்க உத்தரவு கேட்பவன் எந்த உத்தரவுக்கும்தான் பணிவான். கெவின் இருந்த இடத்தில் அவள் போய் உட்கார வேண்டுமா? அவள் படிப்பிக்கும் மொண்டிசோரியில் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். காலைப் பிடித்து இழுத்தால் வெளியே வந்துவிடும். நாளைக்கும் அங்கேதான் போய் ஒளியும்.

ஆனால் வியாழனுக்கு இன்னும் இரண்டே நாள். இழுக்காமல் விட்டு, அவன் போய்விட்டால்?

தென்னக்கும்புரப் பாலம் வந்தது. ஸிபான் கண்களை இறுக மூடிக்கொண்டான். ஆற்றைத் தாண்டும்போதெல்லாம் இப்படித்தான். அக்கரை வந்ததும், “பாலம் முடிஞ்சிரிச்சி,” என்றாள் ஸுமைரா. அவன் கண் திறந்தான்.

கண்டித் தபால் கந்தோரில் அவ்வளவு கூட்டமில்லை. வெளிநாட்டுப் பார்சல் எடுக்கும் இடத்தில் இருந்த பெண்ணின் சட்டையில் ‘சஞ்சீவனி’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தகரத்தைத் திறந்து பார்த்து, மோந்தும் பார்த்தாள்.

“ஷா! வீட்டுல செஞ்ச தொதலா? அனுப்பாம எனக்குத் தாங்க,” என்று சிங்களம் கலந்த தமிழில் சிரித்தாள். “பரவாயில்ல மாத்தயா, இது போகும். இந்த போம நிரப்புங்க.”

ஸிபான் தன் பெயரையும் முகவரியையும் மடமடவென்று எழுதினான். ‘பெறுநரின் முழுப்பெயர்’ என்ற இடத்தில் ‘கெவின்’ என்று எழுதிவிட்டு, பேனையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

“கெவின்... மிச்சம்?” என்றாள் சஞ்சீவனி.

“கெவின்தான்.”

“அது கூப்பிடுற பேர்தானே. அடையாள அட்டையில இருக்கிற முழுப்பேர் வேணும். இல்லாட்டி அங்க பார்சல எடுக்க ஏலா.”

“தெரியா.”

“ஊரு?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம்...” அவன் குரல் தேய்ந்தது. “ஊர் பேர் எங்களுக்குச் சொல்லல்ல.”

“கூட வேல செஞ்ச ஆளா?”

“ஓ. பதினாலு மாசம்.”

“அம்மோ! பதினாலு மாசம் ஒண்டா இருந்து பேர் கேக்க இல்லையா?” அவள் வஞ்சகமில்லாமல் சிரித்தாள். “கோல் ஒண்டு எடுத்துக் கேட்டுட்டு வாங்க. நான் நாலு மணி வரைக்கும் இங்கதான் இருக்கேன்.”

ஸிபான் போனை எடுத்தான். ஸுமைரா பக்கத்தில் நிற்கிறாள் என்பதையே மறந்தவன்போல், ‘உங்களுடைய முழுப்பெயர் என்ன?’ என்று ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. ‘எதற்கு?’

அடுத்தது. ‘யார் உன்னைக் கேட்கச் சொன்னது?’

அடுத்தது. ‘பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?’

அடுத்தது. ‘இனிமேல் இதைக் கேட்காதே, லியோ.’

அவனுடைய இடது கை தானாகத் தலையைக் காக்க எழும்பியது. தபால் கந்தோரில், பட்டப்பகலில், அடிக்க யாருமில்லாத இடத்தில் அந்தக் கை எழும்பியதை ஸுமைரா பார்த்தாள். அவன் கையை இறக்கித் தன் உள்ளங்கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாங்க, எங்கயாவது இரிப்போம்,” என்றாள் அவள்.

*

பஸ் நிலையத்தில் ஒரு நீண்ட வாங்கு காலியாக இருந்தது. உட்கார்ந்ததும் ஸுமைராவின் போன் அடித்தது. மாமி.

“அனுப்பினீங்களா மகள்?”

ஸுமைரா போனை ஸிபானிடம் நீட்டினாள். அவன் வாங்கினான்.

“உம்மா, அனுப்ப ஏலாமப் போச்சி. முழுப்பேர் கேட்டாங்க. எனக்குத் தெரியா.”

“அவர்கிட்டயே கேக்கிறதுதானே?”

“கேட்டேன் உம்மா. ஏசுறார்.”

“பேர் கேட்டதுக்கா?”

“ஓ.”

மாமியின் குரல் உயர்ந்தது. பக்கத்தில் இருந்த ஸுமைராவுக்கே தெளிவாகக் கேட்டது.

“பேர் கேட்டா ஏசுறவர் என்ன மனுசன்? திருடன்தானே பேர் சொல்ல மாட்டான்! யா அல்லாஹ், பேரில்லாதவனுக்கா நான் எட்டுத் தேங்கா புழிஞ்சேன்? என்ட தோள்மூட்டு இன்னும் நோகுது மகன்!” ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். “நீங்க ரெண்டு பேருமே தின்னுங்க அத. ஒரு துண்டும் மிச்சம் வெக்காதீங்க.”

போன் வைக்கப்பட்டது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஸிபானின் வாயோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

ஸுமைரா தகரத்தைத் திறந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். அவன் ஒரு துண்டை எடுத்துத் தாளைப் பிரித்தான். வெயிலுக்கு இளகியிருந்த தொதல் விரல்களில் அப்பிக்கொண்டது. தின்றான். இன்னொன்றை எடுத்தான். அதையும் தின்றான்.

‘சாப்பிடட்டா’ என்று அவன் கேட்கவில்லை. படமும் எடுக்கவில்லை. இது அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ, ஸுமைரா மூச்சைப் பிடித்துக்கொண்டு பஸ்களைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள்.

பதினொன்றரை. அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

கை போனது. பாதி வழியில் நின்றது. பத்து விரலிலும் தொதல். அவன் தன் விரல்களைப் பார்த்தான். போன் மறுபடி அதிர்ந்தது. ஸுமைராவின் கைப்பையில் கைக்குட்டை இருந்தது. அவள் கைப்பையைத் தொடவேயில்லை.

மூன்றாம் தடவை அதிர்ந்து, ஓய்ந்தது.

“இப்ப என்ன எழுதியிரிப்பார் எண்டு பாக்காமலே சொல்லுவேன்,” என்றான் ஸிபான், விரல்களைப் பார்த்தபடியே. “‘சாப்பிட்டாச்சா?’ அது முதலாம் பக்கத்துல முதலாம் வரி, ஸுமி.”

“என்ன பக்கம்?”

“எங்களுக்கு ஒரு பொத்தகம் தந்தாங்க. எப்படிச் செய்தி அனுப்புற எண்டு. பகல் சாப்பாட்டு நேரம் பாத்து, ‘சாப்பிட்டாச்சா’ எண்டு கேள். தனியா இரிக்கிறவங்க மட்டும்தான் அதுக்குப் பதில் போடுவாங்க. ரெண்டாம் பக்கம், சாப்பாட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல். அஞ்சாம் பக்கம், உன்னத் தவிர என்ன விளங்கிக்கொள்ள ஆளில்ல எண்டு சொல்.” அவன் நிறுத்தினான். “ஒரு நாளைக்கு எழுபது பேருக்கு நானே அனுப்பினது. அதே வரி.”

ஸுமைரா அவன் பக்கம் திரும்பினாள். “அப்ப தெரிஞ்சேதானா பதில் போட்டீங்க?”

“தெரியும். தெரிஞ்சும் கை போகுது.”

“ஏன்?”

அவள் குற்றம் சொல்லும் குரலில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அது அவனுக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

“அங்க இருட்டு அறை ஒண்டு இரிந்தது. என்ன மூணு நாள் அதுக்குள்ள போட்டாங்க. யார யார போடணும் எண்டு பட்டியல் எழுதுறது கெவின்தான். அவர்ர கையெழுத்த நானே கண்டேன். மூணாம் நாள் கதவத் திறந்தா ஒரே வெளிச்சம். அந்த வெளிச்சத்துல தண்ணிப் போத்தலோட நிண்டது யாரு? அதே கெவின். ‘உனக்காக எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா’ எண்டார். நான் அவர்ர கையப் புடிச்சி அழுதேன். அடிக்கிறதும் அவர், அடிய நிப்பாட்டுறதும் அவர். நிப்பாட்டுற அந்த நேரம் இரிக்கே... அதுக்கு நன்றி சொல்லாம இரிக்க ஏலா ஸுமி. அங்க வேற ஒரு முகமும் இல்ல. அவர வெறுத்தா எனக்கு ஒருத்தருமே இல்ல. அதனால அவர நான் நல்லவராக்கிக்கொண்டேன்.”

ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வெளியேறியது.

“இப்ப அவர் கெட்டவர் எண்டு சொன்னா, அந்தப் பதினாலு மாசமும் நான் யாரோட இரிந்தேன்?”

ஸுமைரா தொதல் அப்பிய அவன் கையைத் தன் இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். இப்போது நாலு கையும் ஒட்டிக்கொண்டது.

“நீங்க உசிரோட வரணும் எண்டு நான் துஆ கேட்டேன். எப்படி வரணும் எண்டு கேக்கல்லயே,” என்றாள். பிறகு, மனதில் மூன்று நாளாகக் கனத்ததை இறக்கி வைக்க வேறு வழி தெரியாமல், “முதல்ல நான் யாரோ பொம்புள எண்டு நினைச்சேன்,” என்றாள்.

“யார?”

“உங்கட கெவின! பகலானா ஒருத்தி ‘சாப்பிட்டாச்சா’ எண்டு கேக்கிறா, இவர் என்ட சமையல போட்டோ புடிச்சி அவளுக்கு அனுப்புறார். அதுலயும் கத்தரிக்கா கருகின நாள் போட்டோவ வேற அனுப்பியிரிக்கீங்க! அத மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.”

அவன் சிரித்தான். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க. சிரிப்பு முடியும்போது கண் நனைந்திருந்தது. அப்போதுதான் அவள் சொன்னதன் மறுபாதி அவனுக்கு உறைத்தது.

“அப்ப டிக்கட்டையும் பாத்தீங்களா?”

“வியாழன் ராவைக்கு. பாத்தேன்.”

“பாத்துட்டும் ஏன் போக வேணாம் எண்டு சொல்லல்ல?”

“சொன்னா நீங்க கேப்பீங்க. அதனாலதான் சொல்லல்ல.”

ஸிபான் நீண்ட நேரம் அவள் முகத்தைப் பார்த்தான். இந்த ஐந்து மாதத்தில் அவன் அவளை இப்படி நேராகப் பார்த்ததில்லை.

“ஸுமி, டிக்கட் ரெண்டு.”

“அதையும் பாத்தேன். மற்றது யாருக்கு?”

“ஹேவாஹெட்டயில இரிக்கிற யோகராஜ். என்னோட கம்பியூட்டர் கோஸ் படிச்சவன். உன்னப்போல நேர்மையான ஒருத்தன் வேணும் எண்டு கெவின் கேட்டார். நான்தான் நம்பர் குடுத்தேன். அவனுக்கு ஒண்டும் தெரியா. என்ட வேல நல்ல வேல எண்டு நினைச்சிக்கொண்டிரிக்கான். நான் என்ன ஏத்திக்கொண்டு போன ஏஜென்டா மாறிட்டேன்.”

ஸுமைராவுக்குக் கோபம் பொங்கி வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை என்ற நினைப்பு அதைவிட வேகமாக வந்தது.

“அவன்ட நம்பரச் சொல்லுங்க.”

யோகராஜின் போன் அணைந்திருந்தது. வீட்டு நம்பருக்கு எடுத்தபோது ஒரு பெண் பேசினாள். யோகராஜின் அம்மா பாலம்மா.

“யோகராஜுங்களா? அவன் சக்கரம் வச்ச பேக்கு ஒன்னு வாங்கணும்னு காலையிலயே போனானுங்க. போன சார்ஜ்ல போட மறந்துட்டான், பாவம். சாயங்காலம் வந்துருவான். நீங்க யாருங்க பேசுறது?”

“நாங்க ஸிபான்ட வீட்டுல, கண்டியில.”

“அட, நம்ம ஸிபான் தம்பி வீட்டு ஆளுங்களா!” பாலம்மாவின் குரல் மலர்ந்தது. “நீங்க நல்லா இருக்கணும்மா. தம்பி தயவுலதான் எம் மவனுக்கு வெளிநாட்டு வேலை கிடைச்சிருக்கு. வீட்டுப்பக்கம் வாங்களேன், ஒரு வாய் டீத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

“இண்டைக்கே வாறோம்மா. நாங்க வந்து பேசுற வரைக்கும் அவர எங்கயும் போக விடாதீங்க.”

“வாங்கம்மா வாங்க. எங்க போகப் போறான்?”

ஸுமைரா போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். ஆள் இன்னும் ஊரில்தான். பேக்தான் வாங்கப் போயிருக்கிறான். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. போகும் ஆசையோடு இருப்பவனிடம் போய், அது நல்ல வேலை இல்லை என்று யார் சொல்வது, சொன்னால் நம்புவானா, அந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது, அதெல்லாம் பிறகு.

“நான்தான் சொல்லணும்,” என்றான் ஸிபான், அவள் நினைத்ததைக் கேட்டவன்போல. “அதுக்குப் பொறகு பொலிஸுக்கும் போகணும்.”

யாரும் அவனை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஸுமைரா தலையை மட்டும் ஆட்டினாள்.

பையில் போன் மறுபடி அதிர்ந்தது. அவன் இரண்டு விரலால் அதை மெல்ல வெளியே எடுத்தான். திரையைப் பார்க்கவில்லை. தகரத்தில் தொதல் எடுத்த காலி இடத்தில் அதைக் கவிழ்த்து வைத்தான்.

“ஒண்டையும் அழிச்சிராதீங்க,” என்றாள் அவள் அவசரமாக. “அதுல இரிக்கிறதெல்லாம் தேவப்படும்.”

“அழிக்கல்ல. இதுக்குள்ள கிடக்கட்டும்.”

தகரத்தின் மூடியை அழுத்தி மூடினான். உள்ளே அது ஒரு வண்டுபோல் இரைந்து அடங்கியது. பர்ஸில் இருந்த பாஸ்போர்ட் துண்டைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அலுவலகம் இருக்கும் திசையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஹேவாஹெட்ட பஸ் வந்து நின்றது. ஸுமைரா எழுந்து சாரியைச் சரி செய்தாள். தகரத்தை எடுக்கக் குனிந்தபோது, அவன் அவள் கையைப் பிடித்தான். எழும்பவில்லை.

“இதுல ஏறத்தான் போறோம். அதுக்கு முதல் ஒண்டு. அண்டைக்கு போன்ல என்ன கேக்க இரிக்கி எண்டு கேட்டீங்க.”

நடத்துநர் கத்தினான். யாரோ மூட்டையுடன் அவர்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள். ஸுமைரா அசையவில்லை. பத்து மாதம் காத்திருந்தவளுக்கு ஒரு பஸ் பெரிதில்லை.

“கெவின் பக்கத்துல நிண்டதால கேக்கல்ல,” என்றான் ஸிபான். “வந்த பொறகு, வந்துட்டேனே, இனி என்னத்த கேக்கிற எண்டு நினைச்சேன். ஆனா நான் இன்னும் வரல்ல ஸுமி. அங்கதான் இரிக்கேன்.”

கேட்கலாமா என்று யாருடைய உத்தரவும் கேட்காமல் அவன் கேட்டான்.

“என்ன வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்க.”